500 ஜிபி போட்டேன், 98 தான் காட்டுது: எல்விஎம் கேள்வி பதில்

லினக்ஸ்ல டிஸ்க் இடம் பத்தாம போறதப் பத்தி வந்த மெயில்ல நிறைய எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர், டிஸ்க் இடத்த பிரிச்சு குடுக்குற வசதி) சம்பந்தப்பட்டதா இருந்துச்சு, அதனால இந்த வாட்டி முழுப் பகுதியும் அதுக்கே. கமாண்ட் பேரெல்லாம் உச்சரிக்கிற மாதிரி தமிழ்லயே எழுதிருக்கேன், டைப் பண்றப்ப ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிங்க, ஒரு கமாண்ட் பேருக்குள்ள இடைவெளி வேணாம், நான் கமா போட்ட இடத்துல தான் இடைவெளி, மைனஸ்னா "-", "டெவ்"னு வர்றதுக்கு முன்னாடி ஒரு "/", "பெரிய எல்" மாதிரி நான் தனியா சொல்ற இடத்துல மட்டும் கேபிடல். எல்லாத்துக்கும் முன்னாடி சுடோ (அட்மின் அனுமதியோட ஓட்டச் சொல்றது) சேத்துக்கோங்க.

கேள்வி: சார், கடை பில்லிங்குக்காக ஒரு பழைய பிசில உபுண்டு சர்வர் போட்டேன், 500 ஜிபி எஸ்எஸ்டி புதுசா வாங்கினது. இன்ஸ்டால் பண்றப்ப எல்லாத்துக்கும் என்டர் தட்டிட்டே போயிட்டேன். நாலு மாசம் நல்லா ஓடுச்சு, நேத்து டேட்டாபேஸ் நின்னுபோச்சு. டிஎஃப் (டிஸ்க் இடம் காட்டுற கமாண்ட்) அடிச்சு பாத்தா மொத்தமே 98 ஜிபி, அதுவும் 100% ஃபுல். விக்கிறவர் ஏமாத்திட்டாரா? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லங்க, உங்க எஸ்எஸ்டி முழுசா அங்கதான் இருக்கு. எல்எஸ்பிஎல்கே (டிஸ்க் பட்டியல் காட்டுற கமாண்ட்) அடிச்சு பாருங்க, டிஸ்க் 465 ஜிபின்னு காட்டும். (500 எப்படி 465 ஆச்சுன்னு கேப்பீங்க, தயாரிக்கிறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, லினக்ஸ் 1024 1024-ஆ எண்ணுது, இடம் அதேதான்.) உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர் தானா எல்விஎம் போடுறப்ப ஒரு கணக்கு வச்சிருக்கு: 10 ஜிபிக்கு கீழ இருந்தா முழுசையும் ரூட்டுக்கு (சிஸ்டம் இருக்கிற முக்கிய இடம்) குடுக்கும், 10-ல இருந்து 20 வரைக்கும் 10 ஜிபி குடுக்கும், 20-ல இருந்து 200 வரைக்கும் பாதி குடுக்கும், 200-க்கு மேல எவ்ளோ பெரிய டிஸ்கா இருந்தாலும் 100 ஜிபி தான். மிச்சத்த யாருக்கும் குடுக்காம அப்படியே வச்சிருக்கும். நிறைய பேர் இத பக்னு நினைச்சு திட்டுறாங்க, என் மனசுல இது ரொம்ப சரியான முடிவு, ஏன்னு கொஞ்சம் கீழ சொல்றேன்.

மொதல்ல எல்விஎம்னா என்னன்னு புரிஞ்சுக்கோங்க. ஒருத்தருக்கு மேட்டுக்காடு ஒண்ணு, வாய்க்காலோரம் ஒரு துண்டு, ஊருக்கு கிழக்க ஒரு துண்டுன்னு மூணு இடத்துல நிலம் இருக்குன்னு வைங்க. ஒவ்வொரு துண்டும் ஒரு பிசிக்கல் வால்யூம், அதாவது ஒரு டிஸ்க் இல்ல ஒரு பார்ட்டிஷன். மூணையும் சேத்து "எனக்கு மொத்தம் இத்தன சென்ட்"னு ஒரே கணக்கா எழுதி வச்சா அது வால்யூம் குரூப். சென்ட்டுங்கிற அளவு இங்க எக்ஸ்டெண்ட், சும்மா விட்டா ஒரு எக்ஸ்டெண்ட் 4 எம்பி. அந்த மொத்தத்துல மஞ்சளுக்கு 60 சென்ட், வாழைக்கு 40 சென்ட்னு பிரிச்சு விடுறது தான் லாஜிக்கல் வால்யூம், சுருக்கமா எல்வி, அந்த 60 சென்ட்டும் ஒரே இடத்துல இருக்கணும்னு அவசியமே இல்ல. ஆனா பிரிச்சு விட்டா மட்டும் போதாது, உழுது பாத்தி கட்டினா தான் விதைக்க முடியும், அந்த பாத்தி தான் ஃபைல் சிஸ்டம், இஎக்ஸ்டி4 இல்ல எக்ஸ்எஃப்எஸ்னு சொல்றது. வரப்ப தள்ளி வச்சுட்டு பாத்தி கட்டாம விட்டா இடம் இருந்தும் இல்லாத மாதிரி தான் தெரியும். எல்விஎம்ல மாட்டிக்கிட்டு எனக்கு எழுதுற பெரும்பாலானவங்க இந்த ஒரு படியத்தான் விட்டுருக்காங்க, எல்விய பெருசாக்கிட்டு டிஎஃப் மாறலயேன்னு உக்காந்திருக்காங்க.

இப்ப உங்க வேலைக்கு வருவோம். டிஸ்க் முழுசா 100% ஆயிட்டா எல்விஎம்மே தடுமாறும், ஏன்னா ஒவ்வொரு மாத்தத்துக்கு முன்னாடியும் அது பழைய கணக்க இடிசி எல்விஎம் ஆர்கைவ் ஃபோல்டர்ல ஒரு காப்பி எழுதும், எழுத இடம் இல்லன்னா வேலைய நிறுத்திடும். அதனால மொதல்ல ஒரு நூறு இருநூறு எம்பியாவது காலி பண்ணுங்க. ஆப்ட் கிளீன் (நடுவுல இடைவெளி உண்டு) அடிச்சா டவுன்லோட் ஆன பேக்கேஜ் எல்லாம் போகும், ஜர்னல்சிடிஎல் கமாண்டுக்கு வேக்யூம்-சைஸ் ஆப்ஷன் குடுத்து 100எம்னு (இந்த எம் கேபிடல்) போட்டா பழைய லாக் குறையும். டேட்டாபேஸ் ஃபோல்டர்ல கைய வச்சிடாதீங்க.

அப்புறம் விஜிஎஸ் (வால்யூம் குரூப் கணக்க காட்டுற கமாண்ட்) அடிங்க. உபுண்டு-விஜின்னு ஒரு வரி வரும், கடைசில விஃப்ரீ பத்தில 360 ஜிபி சொச்சம் இருக்கும், அது தான் நீங்க தேடுற இடம். இப்ப எல்விஎக்ஸ்டெண்ட், மைனஸ் ஆர், மைனஸ் பெரிய எல், +100ஜி, உபுண்டு-விஜி/உபுண்டு-எல்வி. அவ்ளோதான், ஒரே வரி. மைனஸ் ஆர் தான் பாத்தி கட்டுற வேலை, ஃபைல் சிஸ்டத்தையும் சேத்து அதுவே பெருசாக்கிடும். சர்வர நிறுத்த வேணாம், அன்மவுண்ட் வேணாம், பில் போட்டுட்டே இருக்கலாம், சில விநாடில முடிஞ்சிடும். மைனஸ் ஆர் மறந்து அடிச்சிட்டா பயப்படாதீங்க, இஎக்ஸ்டி4-ஆ இருந்தா ரீசைஸ்2எஃப்எஸ் கமாண்டுக்கு டிவைஸ் பேர குடுங்க, எக்ஸ்எஃப்எஸ்-ஆ இருந்தா எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கமாண்டுக்கு மவுண்ட் பண்ணிருக்கிற இடத்த குடுங்க, ரெண்டுக்கும் இந்த வித்தியாசம் ஞாபகம் இருக்கட்டும்.

அந்த பிளஸ் குறி ரொம்ப முக்கியம். +100ஜின்னா "இன்னும் நூறு", வெறும் 100ஜின்னா "மொத்தமே நூறு". எல்விஎக்ஸ்டெண்ட்ல பிளஸ் விட்டுப்போனா கூட ஆபத்து இல்ல, இருக்கிறத விட பெருசா இல்லயேன்னு எர்ரர் சொல்லி நின்னுடும். ஆனா எல்விரீசைஸ்ல அப்படி இல்ல, அது சுருக்கவும் செய்யும். அதனால பெருசாக்குறதுக்கு எல்விரீசைஸ தொடவே தொடாதீங்க, எப்பவும் எல்விஎக்ஸ்டெண்ட்.

இணையத்துல தேடினா எல்லாரும் சின்ன எல் போட்டு +100%ஃப்ரீ அடிக்க சொல்லுவாங்க, மொத்தத்தையும் ஒரே அடியா ரூட்டுக்கு குடுத்துடும். நான் வேணாம்னு சொல்வேன். பெருசாக்குறது ஒரு வரி வேலை, எந்த நேரமும் செய்யலாம். சுருக்குறது இஎக்ஸ்டி4-ல அன்மவுண்ட் பண்ணி தான் முடியும், ரூட்டுன்னா யுஎஸ்பில இருந்து பூட் பண்ணனும், எக்ஸ்எஃப்எஸ்-ல நடைமுறைல முடியவே முடியாது. குரூப்ல காலியா கிடக்கிற இடம் வீணாப்போற இடம் கிடையாது, நாளைக்கு டேட்டாபேஸுக்கு தனி எல்வி வேணும்னா, அப்டேட்டுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலைய பிடிச்சு வைக்கிறது) வேணும்னா, அங்க இருந்து தான் எடுக்கணும். உங்களுக்கு 100 சேத்தா போதும், மிச்ச 260 அங்கயே இருக்கட்டும். அதோட டேட்டாபேஸுக்கு ஒரு தனி எல்வி கண்டிப்பா போடுங்க, நாளைக்கு லாக் ஃபைல் ஏதோ ஒண்ணு வீங்கி ரூட் நிரம்பினாலும் பில்லிங் நிக்காது.

கேள்வி: அண்ணா, கல்யாண போட்டோ வீடியோ எடுக்குற ஸ்டுடியோ நடத்துறேன். 2 டிபி டிஸ்க்ல எல்விஎம், அதுல ஒரே எல்வி, முழுசா நிரம்பப் போகுது. 4 டிபி ஒண்ணு வாங்கிருக்கேன். ரெண்டும் சேந்து ஒரே ஃபோல்டரா 6 டிபி தெரியணும். எப்படி? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தம்பி, செய்ற வழி மூணு வரி தான், ஆனா அத சொல்றதுக்கு முன்னாடி உங்கள கொஞ்சம் நிறுத்தணும். ஒரே எல்விய ரெண்டு டிஸ்க் மேல நீட்டினா, அதுல எந்த ஒண்ணு போனாலும் மொத்த ஃபைல் சிஸ்டமும் போச்சுன்னு தான் வச்சுக்கணும். பாதி போட்டோ இந்த டிஸ்க்ல, பாதி அந்த டிஸ்க்ல, ஒண்ணு போனா மிச்ச பாதியாவது இருக்கும்னு நினைக்கிறாங்க, அப்படி இருக்காது, ஏன்னா எந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற விவரமே ரெண்டு டிஸ்க்லயும் பரவி கிடக்கும். ரெண்டு டிஸ்க் வச்சா பாதுகாப்பு ரெண்டு மடங்குன்னு தோணும், இங்க ஆபத்து தான் கூடும். நான் வேலை பாத்த ஒரு எடத்துல இப்படி மூணு டிஸ்க்க ஒண்ணா கோத்து வச்சிருந்தோம், நடு டிஸ்க் போச்சு, வருஷக்கணக்கா ஸ்கேன் பண்ணி வச்ச பத்திரமெல்லாம் போச்சு, அந்த காகிதத்த எல்லாம் திரும்ப தேடி எடுத்து ஸ்கேன் பண்ண நாங்க பட்ட பாடு இன்னும் மறக்கல. உங்க கிட்ட இருக்கிறது அடுத்தவங்க வீட்டு தாலி கட்டுற படம், அது திரும்ப எடுக்க முடியாது.

அதனால நான் உங்க இடத்துல இருந்தா ஒரே ஃபோல்டர் ஆசைய விட்டுடுவேன். 4 டிபி டிஸ்க்க குரூப்ல சேத்து, அதுல புது எல்வி ஒண்ணு போட்டு, இந்த வருஷ வேலை எல்லாம் அதுல, பழசு எல்லாம் 2 டிபிலன்னு பிரிச்சு வைப்பேன். புதுசுல மிச்சம் இருக்கிற இடத்துல பழைய எல்விக்கு ஒரு கண்ணாடி வைக்கலாம், எல்விகன்வெர்ட் கமாண்டுல டைப் ரெய்டு1, மைனஸ் எம் 1 குடுத்தா பழைய டிஸ்க்ல இருக்கிறது அப்படியே புதுசுலயும் ஒரு நகலா ஓடும், ஸ்டுடியோ வேலைய நிறுத்தவே வேணாம். ஒரு விஷயம், இந்த கண்ணாடி கணக்க எழுதி வைக்க பழைய டிஸ்க்ல ஒரே ஒரு எக்ஸ்டெண்டாவது காலியா இருக்கணும், ஒட்ட ஒட்ட நிரப்பி வச்சிருந்தா அந்த 4 எம்பி இல்லாம கமாண்ட் நிக்கும். மேல ஈரோடுக்காரருக்கு சொன்ன மாதிரி மிச்சம் வைக்க சொல்றது இதுக்கும் சேத்து தான்.

வழி என்னன்னா, மொதல்ல எல்எஸ்பிஎல்கே அடிச்சு புது டிஸ்க் எதுன்னு சைஸ பாத்து உறுதி பண்ணுங்க, எஸ்டிபின்னு வைங்க. பிவிகிரியேட் டெவ்/எஸ்டிபி. இந்த இடத்துல "இதுல ஏற்கனவே ஒரு ஃபைல் சிஸ்டம் அடையாளம் இருக்கு, அழிக்கவா"ன்னு ஒரு கேள்வி வந்தா கைய எடுத்துடுங்க, ஒய் அடிக்காதீங்க, அது புது டிஸ்க் இல்லன்னு அர்த்தமா இருக்கலாம், பேர் மாறிருக்கலாம். எஸ்டிஏ, எஸ்டிபிங்கிற பேர் ரீபூட் ஆனா இடம் மாறும், அது லினக்ஸ்ல சகஜம், எல்விஎம் தனக்குள்ள ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு அடையாள எண் எழுதி வச்சுக்கிறதால அதுக்கு குழப்பம் வராது, குழப்பம் நமக்கு தான். அப்புறம் விஜிஎக்ஸ்டெண்ட், குரூப் பேர், டெவ்/எஸ்டிபி. அப்புறம் எல்விகிரியேட், மைனஸ் பெரிய எல் 1500ஜி, மைனஸ் என் போட்டு புதுப்பேர், குரூப் பேர், கடைசில டெவ்/எஸ்டிபி. கடைசில டிஸ்க் பேர போட்டா அந்த டிஸ்க்லயே இடம் எடுக்கும், விட்டுட்டா எங்க காலியோ அங்க எடுத்துக்கும், அதனால போடுங்க. எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 போட்டு ஃபார்மட் பண்ணி மவுண்ட் பண்ணுங்க.

எஃப்ஸ்டாப் ஃபைல்ல (பூட் ஆகுறப்ப எதெல்லாம் மவுண்ட் ஆகணும்னு சொல்றது) வரி சேக்குறப்ப நோஃபெயில்னு ஆப்ஷன் குடுங்க, இல்லன்னா என்னைக்காவது அந்த டிஸ்க் இல்லாம பூட் ஆனா சிஸ்டம் எமர்ஜென்சி மோடுல போய் நிக்கும். சேத்த உடனே ரீபூட் பண்ணாம மவுண்ட் மைனஸ் ஏ அடிச்சு எர்ரர் வரலன்னு பாத்துக்கோங்க.

கண்ணாடி வச்சாலும் பேக்கப் தனியா வேணும். தப்பா டெலீட் பண்ணினா கண்ணாடிலயும் அதே விநாடி டெலீட் ஆகும். கல்யாணம் முடிஞ்சு ஆல்பம் குடுக்குற வரைக்குமாவது ஒரு வெளி டிஸ்க்ல இன்னொரு காப்பி இருக்கட்டும், அது வேற கட்டடத்துல இருந்தா இன்னும் நல்லது.

கேள்வி: காலேஜ் லேப் சர்வர்ல ராக்கி லினக்ஸ். ரூட் 70 ஜிபி நிரம்பிருச்சு, ஹோம் (பசங்க ஃபைல் எல்லாம் இருக்கிற இடம்) 390 ஜிபி காலியா கிடக்கு. விஜிஎஸ்ல ஃப்ரீ சைபர். ஹோம்ல இருந்து 200 எடுத்து ரூட்டுக்கு குடுக்க முடியுமா? ரெண்டும் எக்ஸ்எஃப்எஸ். (திண்டுக்கல் வாசகர்)

பதில்: நேரடியா முடியாது. எக்ஸ்எஃப்எஸ் 1990-கள்ல சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனி பெரிய பெரிய ஃபைலுக்காக உருவாக்கினது, ராக்கி எத பாத்து செஞ்சதோ அந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-ல இருந்து அது தான் டீஃபால்ட், வேகமா நல்லா ஓடும், ஆனா வளர மட்டும் தான் தெரியும். எல்விரெட்யூஸ் மட்டும் அடிச்சு பாக்கலாமான்னு நினைக்காதீங்க, பாத்தி இருக்கிற இடத்துல வரப்ப வெட்டின கணக்கா டேட்டா போயிடும்.

வழி சுத்து வழி. ஹோம்ல இருக்கிறத எல்லாம் வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணனும் (பர்மிஷன், ஓனர் மாறாம இருக்க ஆர்சிங்க்ல ஏ, ஹெச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் எல்லாம் சேத்து, இங்க ஹெச்சும் கேபிடல்), ரெண்டு மூணு ஃபைல தொறந்து பாத்து காப்பி சரியா இருக்குன்னு உறுதி பண்ணனும், அப்புறம் ரூட்டா நேரா லாகின் பண்ணி ஹோம அன்மவுண்ட் பண்ணி, எல்விரிமூவ் பண்ணி, ரூட்ட எல்விஎக்ஸ்டெண்ட் பண்ணி, அதே பேர்ல சின்னதா ஹோம் எல்வி திரும்ப போட்டு, எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்எஃப்எஸ் போட்டு, மவுண்ட் பண்ணி டேட்டாவ திரும்ப கொண்டு வரணும். எஃப்ஸ்டாப்ல எல்வி பேர் தான் இருக்குன்னா, அதே பேர் வச்சா மாத்த வேணாம். கடைசில ரீஸ்டோர்கான் மைனஸ் பெரிய ஆர் போட்டு ஹோம ஒரு தடவ ஓட்டுங்க, எஸ்இலினக்ஸ் (யார் எத தொடலாம்னு பாக்குற பாதுகாப்பு அடுக்கு) லேபிள் தப்பா இருந்தா பசங்களால லாகின் பண்ண முடியாம போகும், காரணம் புரியாம நாள் முழுக்க தேடுவீங்க. லீவு நாள்ல செய்ங்க. இந்த தடவையாவது ஹோமுக்கு 100, ரூட்டுக்கு 150, மிச்சம் குரூப்ல.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கட அலுவலகத்தில இருக்கிற சேர்வர்ல பழைய டிஸ்க் ஒண்டு பழுதாகிற மாதிரிக் கிடக்கு, ஸ்மார்ட் எச்சரிக்கை (டிஸ்க் தன்ர நிலையைத் தானே சொல்லுறது) வருது. சேர்வரை நிப்பாட்டாமல் புது டிஸ்க்குக்கு மாத்தேலுமோ? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: முடியும், எல்விஎம் மேல எனக்கு இருக்கிற மரியாதைக்கே பெரிய காரணம் இந்த ஒரு வசதி தான். பயிர் நின்னுட்டு இருக்கிறப்பவே கீழ இருக்கிற நிலத்த மட்டும் மாத்துற மாதிரி, ஆட்கள் வேலை பாத்துட்டே இருப்பாங்க, டேட்டா கீழ ஒரு டிஸ்க்ல இருந்து இன்னொண்ணுக்கு போயிட்டு இருக்கும்.

எச்சரிக்கை வந்துடுச்சுங்கிறதால மொத வேலை பேக்கப், அது முடியாம வேற எதையும் ஆரம்பிக்காதீங்க. ஏற்கனவே படிக்க முடியாத செக்டர் இருந்தா இடமாத்தம் நடுவுலயே நின்னுடும், அப்போ பேக்கப் தான் கை குடுக்கும். அப்புறம் புது டிஸ்க்குக்கு பிவிகிரியேட், விஜிஎக்ஸ்டெண்ட். பிவிமூவ், பழைய டிஸ்க் பேர், புது டிஸ்க் பேர். இது மணிக்கணக்கா ஓடும், டிபி கணக்குல இருந்தா ராத்திரி முழுக்க கூட ஓடும், சதவீதம் காட்டிட்டே இருக்கும். டீமக்ஸ் இல்ல ஸ்கிரீன் உள்ள வச்சு ஓட்டுங்க, நெட் கட் ஆனாலும் தொடரும். நடுவுல கரண்ட் போச்சுன்னா கூட டேட்டா போகாது, எது வரைக்கும் நகந்துச்சுங்கிறத அது குறிச்சு வச்சுக்கிட்டே வரும், திரும்ப ஆன் ஆனதும் வெறும் பிவிமூவ்னு எதுவும் குடுக்காம அடிச்சா விட்ட இடத்துல இருந்து போகும். முடிஞ்சதும் பிவிஎஸ் அடிச்சு பழைய டிஸ்க்ல முழு இடமும் ஃப்ரீன்னு பாத்துட்டு விஜிரெட்யூஸ் பண்ணி குரூப்ல இருந்து எடுங்க, பிவிரிமூவ் பண்ணுங்க, அப்புறம் கழட்டுங்க. இந்த வரிசை மாறக்கூடாது. பூட் பார்ட்டிஷன் அந்த பழைய டிஸ்க்ல இருந்தா அது எல்விஎம்முக்கு வெளிய இருக்கும், பிவிமூவ் அத தொடாது, அதையும் தனியா புதுசுக்கு கொண்டு போய் கிரப் (சிஸ்டத்த எழுப்புற பூட்லோடர்) போடணும், இத மறந்துட்டு டிஸ்க்க கழட்டினா சர்வர் எழுந்திரிக்காது.

கேள்வி: கிளவுட்ல விஎம் (வர்ச்சுவல் மெஷின்) டிஸ்க்க 50 ஜிபில இருந்து 100 ஆக்கினேன், காசும் கட்டியாச்சு. உள்ள இன்னும் 50 தான். (சென்னை வாசகி)

பதில்: நீங்க பெருசாக்கினது டிஸ்க்க மட்டும் தான்மா, அது மேல மூணு அடுக்கு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் போய் சொல்லணும். பார்ட்டிஷனுக்கு குரோபார்ட், அதுல டிஸ்க் பேரும் பார்ட்டிஷன் நம்பரும் நடுவுல இடைவெளி விட்டு குடுக்கணும், டெவ்/எஸ்டிஏ 3-ங்கிற மாதிரி. பிசிக்கல் வால்யூமுக்கு பிவிரீசைஸ், இங்க இடைவெளி இல்லாம டெவ்/எஸ்டிஏ3. இதுக்கப்புறம் விஜிஎஸ்ல 50 ஜிபி ஃப்ரீயா தெரியும். அப்புறம் எல்விஎக்ஸ்டெண்ட் மைனஸ் ஆர். விஜிஎக்ஸ்டெண்ட் இங்க வேணாம், அது புது டிஸ்க் சேக்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிளவுட் பக்கத்துல ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கோங்க, பார்ட்டிஷன் டேபிள்ல கை வைக்கிறோம் இல்லயா.

கேள்வி: அப்கிரேடுக்கு முன்னாடி ரூட் எல்விக்கு ஸ்னாப்ஷாட் எடுத்தேன், 2 ஜிபி குடுத்தேன். அப்கிரேட் சொதப்பிடுச்சு, திரும்ப போகலாம்னு பாத்தா ஸ்னாப்ஷாட் இன்வேலிட்னு வருது. ஏன்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: நிரம்பிடுச்சு, அதான். ஸ்னாப்ஷாட்ங்கிறது முழு காப்பி இல்ல. எடுத்த நேரத்துக்கு அப்புறம் ஒரிஜினல்ல எந்த பகுதி மாறுதோ, மாறுறதுக்கு முன்னாடி இருந்த பழசு மட்டும் ஸ்னாப்ஷாட்டுக்குள்ள எழுதப்படும். அப்கிரேட்ல 3, 4 ஜிபி மாறும், நீங்க குடுத்தது 2, நிரம்பின நிமிஷமே அது செல்லாம போயிடும், பாதி கூட மிஞ்சாது. ஒரிஜினலுக்கு ஒண்ணும் ஆகாது, திரும்பி போற வழி மட்டும் அடைஞ்சிடும். வருத்தமா தான் இருக்கு, இப்ப பேக்கப்ல இருந்து தான் வரணும்.

அடுத்த தடவ தாராளமா குடுங்க, 15, 20 ஜிபி, ரெண்டு நாள்ல அழிக்கப் போறோம் தானே. எல்விஎஸ்ல டேட்டா% பத்திய பாத்துட்டே இருங்க, 70, 80 ஆச்சுன்னா ஸ்னாப்ஷாட்டையே எல்விஎக்ஸ்டெண்ட் பண்ணலாம், நிரம்புறதுக்கு முன்னாடி. திரும்பி போகணும்னா எல்விகன்வெர்ட் மைனஸ் மைனஸ் மெர்ஜ், ரூட்டுங்கிறதால உடனே நடக்காது, ரீபூட் ஆகுறப்ப தான் ஆரம்பிக்கும். இன்னொண்ணு, இத பலர் யோசிக்கிறதே இல்ல: பூட் ஃபோல்டர் தனி பார்ட்டிஷன்ல இருந்தா அது ஸ்னாப்ஷாட்ல வராது. ரூட் பழைய நிலைக்கு போயிடும், பூட்ல புது கெர்னல் நிக்கும், அந்த கெர்னலுக்கான மாட்யூல் ரூட்ல இருக்காது, சிஸ்டம் அரைகுறையா எழும். அதனால பூட்டையும் டார் போட்டு தனியா எடுத்து வைங்க, இல்லன்னா கிரப் மெனுல பழைய கெர்னல தேர்ந்தெடுத்து உள்ள போங்க. எக்ஸ்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்ட சும்மா மவுண்ட் பண்ணி பாக்கணும்னா நோயுயுஐடி ஆப்ஷன் வேணும், ஒரே அடையாளத்தோட ரெண்டு ஃபைல் சிஸ்டத்த அது ஏத்துக்காது.

வேலை முடிஞ்சதும் ஸ்னாப்ஷாட்ட அழிச்சிடுங்க, இருக்கிற வரைக்கும் எழுதுற வேகம் குறையும்.

கேள்வி: எல்விஎம் யார் கண்டுபிடிச்சது? அப்புறம் டெவ்/மேப்பர்ல உபுண்டு--விஜின்னு ரெண்டு கோடு ஏன்? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: லினக்ஸுக்கு 1998-ல ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன்னு ஒருத்தர் எழுதினார், ஹெச்பி-யுஎக்ஸ்ல இருந்த வால்யூம் மேனேஜர் மாதிரியே. அதனால தான் விஜிகிரியேட், எல்விகிரியேட்ங்கிற பேரெல்லாம் அங்க இருந்து இங்க வந்துச்சு. அப்புறம் சிஸ்டினாங்கிற கம்பெனி வளத்துச்சு, அந்த கம்பெனிய 2003-ல ரெட் ஹேட் வாங்கிச்சு. இப்ப நாம ஓட்டுறது எல்விஎம்2, கெர்னல் 2.6-ல வந்த டிவைஸ் மேப்பர் மேல நிக்குது.

ரெண்டு கோடு எதுக்குன்னா, மேப்பர்ல குரூப் பேரையும் எல்வி பேரையும் ஒரு கோடு போட்டு இணைப்பாங்க. பேருக்குள்ளயே கோடு இருந்தா எது பேர் எது இணைப்புன்னு தெரியாது, அதனால உள்ள இருக்கிற கோட்ட ரெட்டிப்பாக்கிடும். நீங்க பேர் வைக்கிறப்ப கோடே இல்லாம வைங்க, தலைவலி மிச்சம்.

கேள்வி: சார் அவசரம். தப்பான எல்விய எல்விரிமூவ் பண்ணிட்டேன், ஒய்யும் அடிச்சிட்டேன். ரெண்டு வருஷ கணக்கு அதுல இருக்கு, பேக்கப் ஆறு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது. கை நடுங்குது. (மதுரை வாசகர்)

பதில்: உங்களுக்கு அன்னைக்கே மெயில்ல பதில் போட்டேன், மத்தவங்களுக்கும் உதவும்னு இங்கயும் எழுதுறேன். மொதல்ல அந்த குரூப்ல எதையும் செய்யாதீங்க, புது எல்வி போடக்கூடாது, எதையும் நீட்டக்கூடாது. எல்விரிமூவ் டேட்டாவ அழிக்கல, இந்த சென்ட்டெல்லாம் இவருதுங்கிற கணக்கு வரிய மட்டும் தான் கிழிச்சிருக்கு, மண்ணும் பயிரும் அப்படியே இருக்கு. அந்த கணக்கோட பழைய காப்பி இடிசி எல்விஎம் ஆர்கைவ் ஃபோல்டர்ல இருக்கும், சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், தொறந்து படிச்சா எந்த கமாண்டுக்கு முன்னாடி எடுத்ததுன்னு மேலயே எழுதிருக்கும்.

விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் மைனஸ் மைனஸ் லிஸ்ட், குரூப் பேர். வரிசையா வரும், அதுல எல்விரிமூவ்க்கு முன்னாடி எடுத்ததுன்னு இருக்கிற ஃபைல் எதுன்னு பாருங்க. விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் மைனஸ் எஃப், அந்த ஃபைல் பேர், குரூப் பேர். அடிக்கிறதுக்கு முன்னாடி மைனஸ் மைனஸ் டெஸ்ட் சேத்து ஒரு தடவ ஒத்திகை பாருங்க. அப்புறம் எல்விசேஞ்ச் மைனஸ் ஏஒய் போட்டு எல்விய எழுப்பி, படிக்க மட்டும்னு ஆர்ஓ ஆப்ஷன்ல மவுண்ட் பண்ணுங்க, எழுதுற மாதிரி பண்ணிடாதீங்க. உள்ள ஃபைல் தெரிஞ்சா மொத வேலையா வெளி டிஸ்க்குக்கு காப்பி. இது சாதாரண எல்விக்கு மட்டும், தின் பூல்ல (தேவைப்படுறப்ப மட்டும் இடம் எடுத்துக்கிற வகை) இருந்த எல்வின்னா இப்படி பண்ணக்கூடாது, அதோட கணக்கு வேற இடத்துலயும் இருக்கு, அப்படி இருந்தா நிறுத்திட்டு எனக்கு எழுதுங்க. எல்விஎம்.கான்ஃப் ஃபைல்ல இஷ்யூ_டிஸ்கார்ட்ஸ் 1-ன்னு யாராவது மாத்தி வச்சிருந்தா எஸ்எஸ்டி அந்த இடத்த அப்பவே துடைச்சிருக்கும், ஆனா சும்மா விட்டா அது 0 தான்.

மறுநாள் இவர் அனுப்பின லிஸ்ட்ல மேல இருந்து மூணாவது ஃபைல் தான் சரியா இருந்துச்சு. ரெண்டு வருஷ கணக்கும் வந்துடுச்சு, இப்ப ரெண்டு வெளி டிஸ்க்ல காப்பி வச்சிருக்காராம்.